ஆண்டறிக்கை 2025: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தோருக்கு நமது சங்கம் செய்த பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, இன்று முதன்முறையாகப் பொதுக்குழுவில் அமர்ந்திருக்கும் புதியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை சங்கம் செய்த பணிகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளரும், தணிக்கை முடிவைத் தணிக்கையாளர்களும் எனக்குப் பின் படிப்பார்கள். ஆகவே தொகை விவரங்களை அவர்களிடம் விட்டுவிட்டு, நடந்ததையும் இனி நடக்க வேண்டியதையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் விழாக்கள். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் நடந்தன. மூன்றிலும் அரங்கம் நிறைந்தது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் பஸ் ஏற்பாடு செய்தோம். பாட்டுப் போடுவதற்கு, இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கும் ‘கேமா’ அமைப்பிடம் முன்கூட்டியே அறிவித்து உரிமம் பெறும் வேலையையும் விழாக்குழு பிசகாமல் முடித்தது. குழுவினருக்கு நன்றி. படங்களை எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்பதால் இதற்குமேல் விவரிக்கவில்லை. ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். பொங்கல் பந்தியில் பரிமாற ஆள் கேட்டால் ஒரே மாலையில் பட்டியல் நிரம்பிவிடுகிறது. சனிக்கிழமை உதவி மேசையில் உட்கார ஆள் கேட்டால் குழுவில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. இந்த அறிக்கையின் மிகுதி அந்த மேசையைப் பற்றியது.

சனிக்கிழமை மேசை

நகராட்சி நமக்கு ஒதுக்கியிருக்கும் சமுதாயக் கூடத்தின் சிறிய அறையில் சனிக்கிழமை முற்பகலில் மேசை நடக்கிறது. வருகிறவர்களில், உயர்கல்வி பெற்ற பணியாளருக்கான ‘புளூ கார்டு’ வதிவிட அனுமதி பெற்று மென்பொருள் வேலைக்கு வந்த இளம் குடும்பத்தினரே மிகுதி. மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள் அக்டோபரில் குவிகிறார்கள். செவிலியர்கள் இரவுப் பணி முடிந்து தூக்கம் கலையாத கண்களோடு வருகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்களில் பலர் 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் வந்தபோது மேசையும் இல்லை, வழிகாட்டிக் கோப்பும் இல்லை. எல்லாவற்றையும் அடிபட்டுக் கற்றவர்கள். விழாக்களில் யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கமும் தமிழ்நாட்டார் ஒரு பக்கமுமாக உட்கார்வதை நாம் எல்லோரும் அறிவோம், யாரும் பேசுவதில்லை. சனிக்கிழமை அறையில் இருப்பது ஒரே மேசை. அங்கே பக்கம் பிரிய இடமில்லை.

புதியவர்களுக்குச் செயலிகள் தெரியும்; மூத்தவர்களுக்கு அலுவலகங்கள் தெரியும். ஒரு கடிதம் வந்தால் புதியவர் அதைக் கைபேசியில் படம்பிடித்து, மொழிபெயர்த்து, நான்கு பக்கத்தையும் படித்து, முகம் வெளிறி வருகிறார். மேசையிலிருக்கும் ஐயா அதை வாங்கி முதலில் தேதியைப் பார்க்கிறார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், முடிவை எதிர்த்து மனு கொடுக்க எவ்வளவு காலம் என்று பார்க்கிறார். பெரும்பாலும் ஒரு மாதம் இருக்கும். “தம்பி, இன்னும் நாள் இருக்கிறது. முதலில் தேநீர் குடியுங்கள்” என்கிறார். நடுவில் இருக்கும் பக்கங்களை அதன்பிறகு இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள். இந்த வரிசையை எந்தச் செயலியும் சொல்லித் தருவதில்லை.

விமானம் சனிக்கிழமை இரவில் இறங்குகிறவர்களுக்காக ‘முதல் இரவுப் பை’ ஒன்றை இவ்வாண்டு தொடங்கினோம். மறுநாள் ஞாயிறு; கடைகள் அடைத்திருக்கும். கைக்குழந்தையோடு வந்து, காலி வீட்டில், திறந்த கடை தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு. பையில் அரிசி, பால், ரொட்டி, உப்பு, தீப்பெட்டி, ஒரு சாதாரண பாத்திரம் இவற்றோடு ஒரு தாள் இருக்கிறது. தாளில் மூன்று எண்கள்: தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 112, காவல்துறைக்கு 110, உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு மருத்துவர்களின் பணிநேரம் கடந்தபின் அழைக்க 116117. மூன்றாவது எண்ணைப் பலர் ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் அறியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி, மணிக்கணக்கில் காத்திருந்து திரும்புவதற்கு இதுவே காரணம். தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

பையிலிருக்கும் இன்னொரு பொருள் பெயர் எழுத ஒரு சீட்டு. அது அஞ்சல் பெட்டியில் ஒட்டுவதற்கு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும் என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பதிவை முடித்ததும் 11 இலக்க வரி எண் அஞ்சலில் வருகிறது. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் அஞ்சல்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வரி எண் கிடைக்காததால் முதல் மாதச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்தம் போய்விட்டது என்று வந்தவரிடம் மேசையில் கேட்கும் முதல் கேள்வி, “பெட்டியில் பெயர் ஒட்டினீர்களா?” மனைவியின் கடவுச்சீட்டில் வேறு பெயர் இருந்தால் அதையும் ஒட்ட வேண்டும்.

ஒளிபரப்புக் கட்டணக் கடிதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்பதால் அது ஏதோ விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். மாதம் 18.36 யூரோ, தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் மாணவர்களில் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். எறிந்த கடிதம் நினைவூட்டலாகவும் அபராதமாகவும் திரும்பி வரும்.

பெயர்

இவ்வாண்டு மேசையில் அதிக நேரத்தைத் தின்றது பெயர்தான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். இங்கேயுள்ள படிவங்களுக்கு முதற்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். கடவுச்சீட்டு எடுக்கும்போது சிலருக்குத் தலைப்பெழுத்து விரிந்து தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. முதல் வகையினரை மருத்துவர் வீட்டில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், மகன் எழுந்திருக்கமாட்டார். இரண்டாம் வகையினரை வங்கி ஒரு விதமாகவும் காப்பீட்டு நிறுவனம் வேறு விதமாகவும் பதிந்துகொள்ளும். பின்னால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் உள்ள வீடுகள் நம்மிடையே சாதாரணம். தாய் தனியாகக் குழந்தையோடு பயணம் செய்யும்போது எல்லையில் கேள்வி வரும். பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருங்கள் என்பதே நாங்கள் சொல்வது.

இதில் 2025 மே 1 முதல் ஒரு முக்கியமான மாற்றம் வந்திருக்கிறது. அதற்கு முன், இங்கே பிறக்கும் குழந்தையின் பெயருக்கு அதன் குடியுரிமை நாட்டுச் சட்டமே தொடக்கப்புள்ளி. இப்போது குடும்பம் வழக்கமாக வாழும் நாட்டின் சட்டம், அதாவது ஜெர்மன் சட்டம், தானாகப் பொருந்துகிறது. குடியுரிமை உள்ள நாட்டின் சட்டம்தான் வேண்டும் என்றால் பெற்றோர் அதை எடுத்துச் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். தகப்பன் பெயரையே குழந்தைக்குக் குடும்பப் பெயராக வைக்க நினைப்பவர்கள் பிரசவத்துக்கு முன்பே பிறப்பு, திருமணப் பதிவகத்தில் பேசிவிடுவது நல்லது. மருத்துவமனைக் கட்டிலில் படிவத்தை வைத்துக்கொண்டு சங்கத்துக்குத் தொலைபேசியில் அழைப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அதே அலுவலகத்தை ஒட்டி இன்னொரு செலவு. சென்னையில் முகவருக்குப் பணம் கொடுத்துப் பிறப்புச் சான்றுக்கும் திருமணச் சான்றுக்கும் வெளிநாட்டில் சான்றை ஏற்கச்செய்யும் ‘அப்போஸ்டில்’ முத்திரை வாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு வருகிறார்கள். அந்த முத்திரைக்கு அடிப்படையான 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2004-இல் சேர்ந்தது. ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்ததால் இவ்விரு நாடுகளுக்கிடையே அந்த உடன்படிக்கை நடைமுறையில் இல்லை. ஆகவே அந்த முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை. பதிவகம் விரும்பினால் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகம் வழியாகச் சான்றை நேரில் விசாரித்துச் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். செலவு செய்வதற்கு முன் இங்கேயுள்ள அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் சொல்வது உலகம் முழுமைக்கும் பொதுவான உண்மையாக இருக்கலாம். உங்கள் சான்று வந்து நிற்கப்போவது இந்த ஒரு ஜன்னலில்.

தகவல் கோப்பு

மேசைக்கு முதுகெலும்பு நமது தகவல் கோப்பு. சென்ற பொதுக்குழு அதைப் புதுப்பிக்கச் சொன்னது, புதுப்பித்தோம். புதுப்பிக்கும்போது தெரிந்தது, தகவல் சேர்ப்பது எளிது, பழசாகிப்போனதை எடுத்தெறிவதுதான் கடினம் என்பது. ஜெர்மனி முழுவதும் செல்லும் மாதாந்தரப் பயண டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. மூன்று விலையும் அச்சிட்ட தாள்கள் நம் உறுப்பினர் வீடுகளில் இன்றும் உலவுகின்றன. அதனால் இப்போது கோப்பின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர், எந்த அலுவலகத் தளத்தில் பார்த்தார் என்ற மூன்றும் இருக்கின்றன. ஆறு மாதம் தாண்டிய பக்கத்தைச் சரிபார்க்காமல் யாருக்கும் தரக்கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது. தேதியில்லாத தகவலைவிடத் தகவல் இல்லாமலிருப்பதே மேல் என்பது என் சொந்தக் கருத்து. குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை.

டிக்கெட் விலை தவறினால் சில யூரோ நட்டம். குடியுரிமை விஷயத்தில் தவறினால் குடும்பத்தின் திட்டமே கவிழ்கிறது. 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சிறப்பாக ஒருங்கிணைந்தவர்களுக்கு மூன்று ஆண்டிலேயே என்ற சலுகையும் அப்போது இருந்தது. அந்த மூன்றாண்டு வழி 2025 அக்டோபர் 30 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் வாட்ஸ்அப் குழுவில் ‘மூன்றே ஆண்டில் ஜெர்மன் கடவுச்சீட்டு’ என்ற செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பி மொழித்தேர்வுக்கு விடுப்பெடுத்துப் படித்தவர்களும் உண்டு. படித்த ஜெர்மன் வீண்போகாது என்று ஆறுதல் சொன்னோம். அது உண்மையும்கூட: புளூ கார்டு வைத்திருப்பவர்கள் ஏ1 (தொடக்கநிலை) அளவு மொழியறிவோடு 27 மாதத்திலும், பி1 (இடைநிலை) அளவோடு 21 மாதத்திலும் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை என்பதையும் இந்தப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறோம். ஜெர்மன் குடியுரிமை கிடைத்தால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பதற்கான கேள்வி அல்ல அது.

மேசையில் கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி பெற்றோரைப் பற்றியது. தாய் தகப்பன் ஊரில் தனியே இருக்கிறார்கள், அழைத்துக்கொள்ள முடியுமா? 2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பின் முதன்முறையாகத் திறன்பெற்ற பணியாளருக்கான வதிவிட அனுமதி பெற்றவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு முன் அனுமதி பெற்றவர்களுக்கு இந்த வழி இல்லை. ஒரு வாரம் முந்திப் பெற்றதால் வாய்ப்பிழந்தவர் நம்மிடையே இருக்கிறார். அவருக்குச் சொல்ல எங்களிடம் நல்ல வார்த்தை இல்லை. வழி உள்ளவர்களுக்கும் முட்டுக்கட்டையாக நிற்பது மருத்துவக் காப்பீடு. வயதானவருக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சுருக்கமாக: இந்திய உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்வரைதான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் இல்லை. பதினைந்து வருடம் சென்னையில் ஓட்டியவன் என்ற பெருமிதம் தேர்வாளரிடம் எடுபடாது.

எதைச் செய்யமாட்டோம்

இந்தப் பகுதியைச் சிலர் விரும்பமாட்டார்கள். சங்கம் சட்ட ஆலோசனை தராது. கட்டணம் வாங்காமல் உதவினாலும், குடும்பத்தாருக்கும் நெருங்கியவர்களுக்கும் அப்பால் சட்ட ஆலோசனை கொடுக்க, தகுதி பெற்ற சட்ட வல்லுநரின் வழிகாட்டுதல் வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விளக்குவோம், உடன் வருவோம், பேசத் துணை நிற்போம். ‘உங்கள் வழக்கில் வெற்றி நிச்சயம்’ என்று சொல்லமாட்டோம். “அண்ணா, நீங்களே ஒரு முடிவைச் சொல்லிவிடுங்கள்” என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பதிலாகச் சரியான கதவைக் காட்டுகிறோம். வயதுவந்த குடியேறியவர்களுக்கு மத்திய அரசின் நிதியில் இலவச ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. காரிதாஸ், டியாகோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நல அமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. வேலை ஒப்பந்தம், சம்பளம், பணிநீக்கம் பற்றிய கேள்விகளுக்கு ‘ஃபேர் இன்டக்ராட்சியோன்’ என்ற இலவச ஆலோசனை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள், வேலையின் முதல் நாளுக்குள் இந்த ஆலோசனை பற்றித் தெரிவிக்க வேண்டும் என்பது 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். வாடகைச் சிக்கலுக்கு வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். இந்த நிலையங்களில் முன்பதிவு செய்ய மேசையில் உதவுகிறோம். இவ்வாண்டு நாங்கள் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தது.

வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு விதிகள் வந்திருக்கின்றன. கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் படங்களைக் குழுவில் போடக்கூடாது, போட்டால் நீக்கப்படும். வீட்டைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களைப் பகிரக்கூடாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியை அஞ்சலில் அனுப்புவார் என்று வரும் கதைகள் எல்லாம் ஒரே அச்சு. உண்மையான வீட்டுக்கு முன்வைப்புத் தொகை, இதர செலவுகள் நீங்கிய மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையில் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள் என்பது ஏமாற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

காலை வட்டம்

வாழ்க்கைத்துணையாக வந்தவர்களுக்கான காலை வட்டம் இவ்வாண்டும் தொடர்ந்தது. புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விசாவுக்கு மொழித்தேர்வு தேவையில்லை. வந்த நாள் முதல் எந்த வேலையும் செய்யலாம். சட்டத்தில் இது பெரிய சலுகை. நடைமுறையில், பொறியியல் படித்து ஊரில் வேலை பார்த்த பெண் ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் நவம்பர் மாதத்தில் வந்து இறங்குகிறார். முதல் மாதம் வீடு அமைப்பதில் போய்விடுகிறது. அதன்பிறகு கணவர் அலுவலகம் போனால், மாலை நாலரைக்கே இருட்டும் ஜன்னலோரம் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மேசைக்கு அவர் வரமாட்டார். கேட்பதற்கு அவரிடம் படிவம் எதுவும் இல்லை. அதனால் வட்டத்தின் அக்காமார் புதுக்குடும்பங்களைத் தாங்களே தேடிப்போகிறார்கள்.

வட்டம் தொடங்கியபோது சமையல் பரிமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வாண்டு அவர்களே அதை மாற்றிக்கொண்டார்கள். இப்போது பெரிதும் நடப்பது தொலைபேசிப் பயிற்சி. இருவர் முதுகோடு முதுகு சேர்த்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் மருத்துவரின் வரவேற்பாளராகவும் மற்றவர் நேரம் கேட்பவராகவும் பேசுகிறார்கள். முகம் தெரியாது, கை அசைத்துப் புரியவைக்க முடியாது, மறுமுனையில் இருப்பவர் வேகமாகவும் கொஞ்சம் சலிப்போடும் பேச வேண்டும் என்பது விதி. அந்தச் சலிப்பை நடிப்பதில் மிகுந்த போட்டி. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் இப்படி ஒத்திகை பார்க்கிறார்கள். நகர நூலகத்துக்கும் மக்கள் கல்வி நிலையத்தின் மொழி வகுப்புக்கும் பெயர் பதிவு செய்யக் கூட்டாகப் போகிறார்கள். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் இடம் தானாக வந்து சேராது. கருவுற்ற செய்தியை மாமியாருக்குச் சொன்ன கையோடு காப்பகத்துக்கும் எழுதிப்போடுங்கள் என்பது வட்டத்தில் வழங்கும் அறிவுரை.

பள்ளிக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடுமுறை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு டிக்கெட் மலிவு என்று குழந்தையை ஊருக்கு அழைத்துப்போவது இங்கே சாதாரண விடுப்பு அல்ல. அது பள்ளிக்கடமையை மீறுவது, அதற்கு அபராதம் உண்டு. பவேரியா மாநிலத்தில் விமான நிலையத்திலேயே போலீஸ் பள்ளிவயதுக் குழந்தைகளோடு வந்தவர்களை விசாரித்திருக்கிறது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்ற காரணம் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரே வாரத்தில் வந்தால் வகுப்பாசிரியரும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான்.

சங்கம் எவ்வளவு செய்தாலும், ஜெர்மானியரோடு நட்பு நம் கூடத்தில் பிறக்காது. இந்த நாட்டில் மனிதர்கள் ஒருவரையொருவர் பழகும் இடம் உள்ளூர்ச் சங்கங்கள்: விளையாட்டுக் கழகம், பாடகர் குழு, சிறுதோட்டச் சங்கம், தன்னார்வத் தீயணைப்புப் படை. அலுவலகத்தில் மூன்றாண்டு பக்கத்தில் உட்கார்ந்தும் வீட்டுக்கு அழைக்காதவர், ஒரே அணியில் மேசைப்பந்து ஆடத் தொடங்கிய சில வாரத்தில் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். செப்டம்பரில் அப்படிப்பட்ட சில சங்கங்களை நம் கூடத்துக்கு அழைத்து அறிமுக மாலை நடத்தினோம். கூட்டம் அதிகமில்லை. வந்தவர்களில் சிலர் அங்கேயே படிவம் வாங்கிச் சேர்ந்துவிட்டார்கள். ஓர் இளைஞர் தீயணைப்புப் படையில் பயிற்சி பெறுகிறார்.

இதை ஒட்டிப் பொருளாளரின் கவலையும் இருக்கிறது. புதியவர்கள் ஓராண்டு, இரண்டாண்டு உறுப்பினராக இருந்துவிட்டுச் சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். நன்றிகெட்டதனம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழி வந்து, வேலை நிலைத்து, உள்ளூர்க் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் நிரம்பிப்போனவர் நம் மேசைக்கு எதற்கு வரவேண்டும்? சந்தா குறைந்தால் வருந்த வேண்டியதுதான். ஆனால் அதற்காக அவரைப் பிடித்துவைக்க இன்னொரு விழா நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. போனவர்களில் மேசைக்கு ஆளாகத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றபடி நேரத்தை மாலைக்கு மாற்றலாமா என்று யோசிப்பதே பயன் தரும்.

நிர்வாகம்

மேசையைத் தொடங்கிய நாள் முதல் அதில் அமர்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் இவ்வாண்டு காலமானார். அவர் குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரைக் குறிப்பிடவில்லை. அவை எழுந்து நின்று மௌனம் காக்கும்படி தலைவர் அறிக்கையின் முடிவில் கேட்டுக்கொள்வார்.

பதிவு பெற்ற பொதுநலச் சங்கமாக நமக்குள்ள வரிவிலக்குத் தொடர, பணம் முழுவதும் சாசனத்தில் சொன்ன நோக்கங்களுக்கே செலவாகிறது என்று வரி அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். புதியவர்களுக்கு உதவுவதும் சாசனத்தில் ஒரு நோக்கம். செலவுப் பட்டியலில் அதன் பங்கு விழாக்களைவிட மிகவும் மெலிந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பொருளாளரின் அறிக்கையைக் கேட்கும்போது இதைக் கவனியுங்கள்.

இன்று அவையின் முடிவுக்கு வருபவை இவை. உறுப்பினர்கள் நேரிலும் இணையவழியிலும் கலந்துகொள்ளும் பொதுக்குழுவைச் சட்டம் 2023 முதல் அனுமதிக்கிறது. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் அது உதவும் என்பதால் அடுத்த ஆண்டு அப்படி நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மேசையை மாதத்தில் ஒருமுறை வியாழன் மாலையில் நடத்துவது இரண்டாவது. தகவல் கோப்புக்குத் தனியாக ஒரு பொறுப்பாளரை நியமிப்பது மூன்றாவது. துணைச்செயலாளர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போவதால் அந்த இடத்தையும் இன்றே நிரப்ப வேண்டும். புதிய நிர்வாகிகளைச் சங்கப் பதிவேட்டில் சேர்க்க நோட்டரியிடம் கையொப்பமிடப் போக வேண்டியிருக்கும். தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் அடையாள அட்டையோடு அடுத்த வாரம் ஒரு பிற்பகலை ஒதுக்கிவையுங்கள்.

மேசைக்கு ஆள் பதிவுத் தாள் வாசலில் தேநீர்க் குடுவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதச் சனிக்கிழமைகள் இன்னும் காலி. ஜெர்மன் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு வந்திறங்கியவர்கள்தான் இந்த ஆண்டு வருகிறவர்களின் கேள்வியைச் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

செயலாளர்